நாரையைக் கண்டதுண்டா?

வனங்காண விழையும் கொழும்புத் தமிழர் வில்பத்துவையோ யாலவையோ எண்ணுவதே வழக்கம். 1938ஆம் ஆண்டில் தேசியப் பூங்காக்களாகப் பிரகடனஞ் செய்யப்பெற்ற அவ்விரண்டும் கடலைத் தொட்டுக் கிடப்பவை. காணத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நுழைவுச் சீட்டு வேண்டும், ஜீப் வேண்டும், பெரும்பாலும் இராத்தங்கவும் வேண்டும். உள்ளே சென்ற பின்னரும் நினைத்த இடத்தில் இறங்கி நடக்க விதி இடங்கொடாது. மாதச் சம்பளத்திற் குடும்பம் நடத்தும் ஆசிரியர் ஒருவர் மாணவர் முப்பதின்மரை அங்கே அழைத்துச் செல்வது எங்ஙனம்?

பஸ் கட்டணத்தோடு செலவு முடிந்துவிடும் வனம் ஒன்று அண்மையிலேயே உண்டு. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே இரத்மலானைக்கு வந்து, கிழக்கே அத்திடியவை நோக்கித் திரும்பினால் பெல்லன்வில–அத்திடிய சரணாலயத்தை அடையலாம். 1990இல் சரணாலயமாக்கப்பெற்ற இச்சதுப்பு நிலத்தின் பரப்பு 372 ஹெக்டயர். முன்னர் நெல் விளைந்த வயல்கள் கைவிடப்பட்டுக் கோரையும் அல்லியும் மண்டின. இங்குள்ள நீர் வெரஸ் கங்கை, பொல்கொட ஏரி வழியாகப் பாணந்துறையிற் கடலைச் சேர்கின்றது. மருதமும் நெய்தலும் மயங்கிய நிலம் எனலாம்.

விடியற்காலையே செல்வதற்கு ஏற்ற வேளை. ஐப்பசி முதற் பங்குனி வரை வலசைப் பறவைகளையும் காணலாம். சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதாக விளித்துப் பாடியதைப் பள்ளியிற் படித்தோர் பலர். அவருள் நாரையையும் கொக்கையும் பிரித்தறிவோர் எத்தனை பேர்? பறக்கும்போது கழுத்தை நீட்டிச் செல்வது நாரை, மடக்கிக்கொள்வது கொக்கு. இவ்வொரு குறிப்போடு அரைமணி நேரம் வானத்தை நோக்கினாற் போதும், ஐயம் அகன்றுவிடும். நத்தைகுத்தி நாரையின் அலகுகள் மூடியபோதும் நடுவே சிறு இடைவெளி தெரியும். இலைக்கோழி தன் நீண்ட விரல்களைப் பரப்பி, அல்லியிலை அமிழாமல் அதன்மேல் நடந்து செல்லும். குறிப்பேடும் பென்சிலும் கொண்டு சென்றாற் போதும். தொலைநோக்கி ஒன்று இரவல் கிடைப்பின் நன்று. நீரில் மட்டும் இறங்கலாகாது. முதலை வாழும் நீர்த்தொடர் இது.

சரணாலயத்தினுட் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. தனியார் காணிகளும் சரணாலயத்துள் அடங்கியிருக்கச் சட்டம் இடங்கொடுக்கின்றது. இந்தத் தாராளத்தினூடேதான் மண் லொறிகளும் குப்பையும் உள்ளே புகுந்தன. ஓரங்கள் மேடாயின. அன்னமுன்னாவின் இனத்ததான அயல்நாட்டுச் செடியொன்றும் சதுப்பிற் பரவிவருகின்றது. மழை வெள்ளத்தை ஏந்திக்கொள்ளும் பள்ளம் இது; இதனை மேடாக்கிய அளவுக்கு வெள்ளம் சுற்றுப்புறத்து வீட்டு முற்றங்களை நாடும்.

2018இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்கள் என ஏற்கப்பெற்ற 18 நகரங்களுட் கொழும்பும் ஒன்று. பட்டம் வந்தது, பார்க்கச் சென்றோர் சிலரே. இரத்மலானை இந்துக் கல்லூரி மாணவர் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில், ஒரே கரையில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதிவைப்பாராயின், பத்தாண்டில் எது தொடர்ந்து வந்தது, எது வராமற் போயிற்று என்பது எழுத்தில் நிற்கும். மண் கொட்ட வருவோர் முன்னே எடுத்து வைப்பதற்கு அத்தகைய கணக்கொன்று வேண்டும்.