காதல் நாவல்: கதையா, கடைச்சரக்கா?



நம்மில் ஒருத்தி காதல் நாவலும் கையுமாக இருப்பதைக் கண்டால் பெரியவர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். "அதெல்லாம் விற்பதற்காக எழுதியது" என்பார்கள். ஆனால் நன்றாக விற்றது என்பதற்காக ஒரு நூலைத் தள்ளிவிட முடியுமா? சார்லட் பிராண்டி 1847 அக்டோபரில் 'கரர் பெல்' என்ற புனைபெயரில் வெளியிட்ட 'ஜேன் அயர்' மூன்றே மாதங்களில் இரண்டாம் பதிப்புக் கண்டது. அன்று மக்கள் விரும்பி வாங்கிய அக்கதை இன்று கல்லூரிப் பாடநூல்.

விற்பனையையே முதலில் எண்ணி எழுந்த நாவல்களும் உண்டு. ஜெரால்டு மில்ஸ், சார்லஸ் பூன் என்ற இருவர் 1908-ல் லண்டனில் தொடங்கிய 'மில்ஸ் அண்டு பூன்' பதிப்பகம் ஆரம்பத்தில் பலவகை நூல்களை வெளியிட்டது. வாடகை நூலகங்களில் பெண்கள் காதல் கதைகளையே தேடி எடுப்பதைக் கண்டு, 1930-களில் அப்பக்கம் திரும்பியது. 1971-ல் கனடாவின் ஹார்லெக்வின் நிறுவனம் அதை வாங்கியது. அவ்வாண்டு ஹார்லெக்வினின் தலைவரான லாரன்ஸ் ஹெய்சி அதற்கு முன் சோப்பு விற்கும் கம்பெனியில் பணியாற்றியவர். சோப்பை விற்பது போலவே கதையையும் விற்கலாம் என்று அவர் கண்டார். மாதந்தோறும் இத்தனை புத்தகம் என்ற கணக்கு, ஏறக்குறைய 190 பக்கம், ஒரே மாதிரி அட்டை, மளிகைக் கடையிலேயே விற்பனை! முடிவு சுபம் என்பது வாங்கும்போதே தெரியும். நாளெல்லாம் உழைத்துக் களைத்த ஒரு பெண் அந்த உறுதியை நாடினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

என் மனக்குறை வேறு. இக்கதைகளில் கதாநாயகி 'மாட்டேன்' என்று சொன்னால் அந்தச் சொல் என்ன ஆகிறது? 1970-களில் வந்த பலவற்றில் நாயகன் பணக்காரன், முன்கோபி, அவளைவிட வயதில் மிக மூத்தவன். அவள் மறுப்பாள், அவன் காதில் வாங்கமாட்டான், வலிந்து கையைப் பற்றுவான். கடைசி அத்தியாயத்தில் அதெல்லாம் ஆழ்ந்த அன்பு என்று ஆகிவிடும். (நம் திரைப்படங்களில் தெருத்தெருவாகப் பின்தொடரும் நாயகனும் இவனுக்கு உறவினன்தான்.) பிற்காலத்தில் இவ்வகைக் கதைகள் ஓரளவு மாறியிருப்பதையும் சொல்ல வேண்டும்.

ஜேன் ஆஸ்டின் 1813-லேயே இந்த எண்ணத்தைக் கேலி செய்துவிட்டார். 'பிரைடு அண்டு பிரெஜுடிஸ்' நாவலில் போதகர் காலின்ஸ், தம்மை மணக்கும்படி எலிசபெத்தைக் கேட்கிறார். அவள் மறுத்ததும், நாணமுள்ள பெண்கள் முதலில் மறுப்பதே வழக்கம் என்று மகிழ்ந்துகொள்கிறார். அங்கே அவர் கோமாளி. அதே நினைப்பை அழகான ஒருவனுக்குக் கொடுத்துவிட்டால் அவன் மலிவுப் பதிப்பின் கதாநாயகன்! டார்ஸியும் செல்வன், செருக்குள்ளவன். அவனையும் அவள் மறுக்கிறாள். அவனோ அந்த மறுப்பைக் கேட்டுக்கொள்கிறான். விளக்கக் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டு விலகுகிறான். தன்னைத் திருத்திக்கொள்கிறான். மாதங்கள் கழித்து மறுபடி கேட்கும்போதும், அவள் மனம் மாறவில்லையென்றால் இனிப் பேசுவதில்லை என்கிறான்.

ஜேன் அயர் சொல்லும் 'மாட்டேன்' இதைவிடக் கடினமானது. திருமணத்துக்காகக் கோவிலில் நிற்கும்போதுதான் ராச்செஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது வெளியாகிறது. அவன் தன்னோடு வந்துவிடும்படி கெஞ்சுகிறான். அவளும் அவனை நேசிக்கிறாள். தாய் தந்தை இல்லாதவள்; அவள் போனால் கேட்பார் யாருமில்லை. ஆயினும் விடியுமுன் வெளியேறுகிறாள். கையிலிருந்த 20 ஷில்லிங் முழுவதும் வண்டிக் கூலிக்குப் போகிறது. மூட்டையையும் வண்டியிலேயே மறந்துவிடுகிறாள். கைக்குட்டையைக் கொடுத்து ரொட்டி கேட்கிறாள், கடைக்காரி மறுக்கிறாள். பன்றித் தொட்டியில் கொட்டப்போன ஆறிய கஞ்சியை ஒரு சிறுமியிடம் கேட்டு வாங்கி உண்கிறாள். மறுப்புக்கு விலை உண்டு என்பதை ஆசிரியை மறைக்கவில்லை. அவ்விலையைக் கொடுத்த பிறகும் அவள் நெஞ்சு வலிப்பதையும் மறைக்கவில்லை. 190 பக்கக் கதையில் இந்தக் கஞ்சிக்கு இடமேது?

பிராண்டியிடமும் குறை இல்லாமல் இல்லை. மடெய்ராத் தீவிலிருந்த சிற்றப்பா சரியான சமயத்தில் இறந்து 20,000 பவுன் விட்டுச்செல்வது சுத்தமான கடைச்சரக்குத் தந்திரம்தான். ஆனால் ஜேன் அதை நான்காகப் பங்கிட்டு 5,000 மட்டும் தனக்கு வைத்துக்கொள்கிறாள். தன் சோற்றுக்குத் தானே வழியுள்ளவளாய், எவரும் இழுக்காமல், தன் காலால் நடந்துதான் ராச்செஸ்டரிடம் திரும்புகிறாள்.