சுடாத மண்கல்லில் வீடு

முன்னே கடை, பின்னே வீடு என்று வாழும் நமக்குக் கோடையில் கான்கிரீட் வெக்கையால் வெல்லமும் இளகுகிறது, பிள்ளைகளுக்கும் தூக்கமில்லை. ஆரோவில் பார்வையாளர் மையம் அழுத்திய மண்கற்களால் கட்டப்பட்டது. 1992இல் ஹசன் ஃபாத்தி விருது பெற்றது. மண்ணுடன் நூற்றுக்கு 5 பங்கு அளவில் சிமெண்ட் சேர்த்து, இயந்திரத்தில் அழுத்தி, சுமார் 4 வாரம் ஈரம் காய விடாமல் பதப்படுத்துகிறார்கள். சூளையும் இல்லை, விறகுச் செலவும் இல்லை.

ஆனால் அது செம்மண் பூமி. நம் குமராட்சிக் களிமண் காய்ந்தால் வெடிக்கும். மணல் கலக்காமல் ஆகாது. மணல் விலையை விசாரித்துவிட்டு இறங்குங்கள். கொள்ளிடம் பெருகினால் தண்ணீர் சூழும் ஊர் இது. அடித்தளத்தைச் சுட்ட செங்கல்லில், கண்ட வெள்ள மட்டத்துக்கு மேல் எழுப்பிய பிறகே மண்கல் வையுங்கள். கூரைக்கு ஓடு போடுங்கள். மண்சுவர் மட்டும் வெக்கையைத் தடுத்துவிடாது.