உங்களுக்குத் தெரியுமா? புரதத்துக்கும் உண்டு கொழுப்பு வால்!

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. ஹார்மோனோ வெளிச்சமோ மருந்தோ, வெளியிலிருந்து வரும் சேதியைச் சவ்வில் நிற்கும் ஏற்பிப் புரதம் வாங்குகிறது. உட்பக்கம் காத்திருக்கும் புரதங்களுக்குக் கைமாற்றுகிறது. காத்திருக்க வேண்டியவை சவ்வின் ஓரத்தில் இல்லாமல் செல்லுக்குள் எங்கோ மிதந்துகொண்டிருந்தால் சேதி போய்ச் சேராது. ஆகவே செல், பல புரதங்களில் ஒரு கொழுப்பு வாலை ஒட்டிவிடுகிறது. கொழுப்பு கொழுப்போடுதான் சேரும் என்பதால் வால் சவ்வில் செருகிக்கொள்ளும். புரதம் கட்டுத்தறியில் கட்டிய மாடுபோல அங்கேயே நிற்கும். 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமில வாலைக் கட்டவும் அவிழ்க்கவும் முடியும். கட்டுவதற்கு மட்டும் மனித உடம்பில் 23 நொதிகள் இருக்கின்றன. 14 கார்பன் கொண்ட மிரிஸ்டிக் அமில வால் பெரும்பாலும் ஒருமுறை கட்டினால் கட்டியதுதான். இந்த விஷயத்துக்கான உதாரணங்கள் தருமபுரி மாவட்டத்து அங்கன்வாடியிலும் மானாவாரிக் காட்டிலும் மருந்துக்கடையிலுமே கிடைக்கின்றன.

அங்கன்வாடியில் ஊட்டும் மஞ்சள் திரவம்

ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கிறார்கள். முதல் தடவை ஒரு லட்சம் அலகு, பிறகு ஒவ்வொரு முறையும் இரண்டு லட்சம். அந்த வைட்டமின் கண்ணுக்குள் போய் என்ன செய்கிறது தெரியுமா? ரெட்டினால் என்ற கொழுப்புப் பொருளாக மாறி, விழித்திரையில் உள்ள ஆப்சின் என்ற புரதத்தோடு நேரடியாகப் பிணைந்துகொள்கிறது. அந்தப் பிணைப்பு நடந்தால்தான் ஆப்சின், ரோடாப்சின் என்ற வெளிச்ச ஏற்பியாகிறது. ரெட்டினால் இல்லாத ஆப்சினுக்கு வெளிச்சம் தெரியாது. மாலைக்கண் நோய் தொடங்குவது இங்கேதான்.

அதோடு முடியவில்லை. ரோடாப்சினில் 348 அமினோ அமிலங்கள். அவற்றில் 322, 323 ஆகிய இரண்டு இடங்களில் இரண்டு பால்மிடிக் வால்கள் தொங்குகின்றன. ரோடாப்சினிடமிருந்து சேதி வாங்கும் டிரான்ஸ்டுசின் என்ற புரதத்துக்கும் கொழுப்பு வால்கள் உண்டு. வெயில் கண்ணைக் கூசவைக்கும்போது டிரான்ஸ்டுசினின் பெரும்பகுதி சவ்வை விட்டு விலகிச் செல்லின் வேறு பகுதிக்குப் போய்விடுகிறது. இருட்டில் திரும்பி வருகிறது. விழித்திரையின் ஒரே ஒரு குச்சிச் செல்லில் சுமார் 10 கோடி ரோடாப்சின்கள் இருக்கின்றன. இரவில் வரப்பு தெரிவது இவற்றால்தான்.

இந்தியாவில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கும் திட்டம் 1970இல் தொடங்கியது. அதற்கு அடிப்படையான ஆய்வுகளைச் செய்தது ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அப்போது அதன் இயக்குநர் சி. கோபாலன், 1918இல் சேலத்தில் பிறந்தவர். அன்று தருமபுரியும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது; தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல். அந்த நிறுவனம் முளைவிட்டதும் தமிழ்நாட்டில்தான், குன்னூரில்.

வாலை எடுத்துவிட்டால் வறட்சியைத் தாங்குமா செடி?

கேழ்வரகும் சாமையும் மழையை நம்பியே விளைகிற மாவட்டம் தருமபுரி. மண் காயும்போது செடிக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகும். 'கதவைச் சாத்து' என்பது அது கொண்டுவரும் சேதி. இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், நீர் ஆவியாவது குறையும்.

1996இல் கனடாவின் டொரன்டோவில் பீட்டர் மெக்கோர்ட் குழுவினர், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஒருவகைச் செடி மட்டும், இந்த ஹார்மோன் துளி பட்டாலே மற்றவற்றைவிடப் பல மடங்கு மிரண்டது. தேடிப் பார்த்தால், புரதங்களுக்கு ஃபார்னசில் என்ற 15 கார்பன் வாலை ஒட்டும் நொதி அதில் பழுதாகியிருந்தது. அதாவது, வால் ஒட்டப்பட்ட ஏதோ ஒரு புரதம்தான் சாதாரணச் செடியில் அந்தச் சேதியை அடக்கி வாசிக்கச் செய்கிறது. வால் இல்லையென்றால் அடக்க ஆளில்லை. கதவு சீக்கிரம் சாத்திக்கொள்கிறது.

அப்படியானால் எல்லாப் பயிரிலும் அந்த நொதியை நிறுத்திவிடலாமே? முடியாது. அது அடியோடு இல்லாத செடி மெதுவாக வளரும், பூவின் அமைப்பே மாறும். துளை மூடியிருந்தால் கரியமில வாயுவும் உள்ளே வராது. பிறகு விளைச்சல் எங்கிருந்து வரும்? 2005இல் கனோலா என்ற எண்ணெய்ப் பயிரில் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். வறட்சி வரும்போது மட்டும் நொதி குறையும்படியும், மழை வந்ததும் பழையபடி ஆகும்படியும் மரபணுவை அமைத்தார்கள். வயல் சோதனையில் வறட்சிக் காலத்திலும் விளைச்சல் அவ்வளவாக விழவில்லை. மரபணு மாற்றப் பயிர் நமக்கு வேண்டுமா என்பது தனி வழக்கு. ஆனால் ஒரு கொழுப்பு வால் ஒரு போகத்தின் விளைச்சலை ஆட்டிவைக்கும் என்பது மானாவாரிக்காரர் கவனிக்க வேண்டிய சங்கதி.

பசியைக் கிளப்பும் எட்டு கார்பன்

வயிறு காலியானால் இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் கிளம்பும். 1999இல் ஜப்பானின் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தது. 28 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். அதன் மூன்றாவது இடத்தில் எட்டு கார்பன் கொண்ட ஆக்டனாயிக் அமிலம் ஒட்டியிருக்கும். அந்த வால் இல்லாத கிரெலினும் ரத்தத்தில் நிறையவே ஓடுகிறது. ஆனால் மூளையில் பசியைக் கிளப்பும் ஏற்பி அதைச் சட்டை செய்வதில்லை.

வாலை ஒட்டும் நொதி 2008இல் பிடிபட்டது. ஆங்கிலச் சுருக்கத்தில் அதன் பெயர் 'கோட்'. ஆட்டுக்கும் சம்பந்தமில்லை, விஜய் படத்துக்கும் சம்பந்தமில்லை.

இந்த எட்டு கார்பன் அமிலம் தேங்காயெண்ணெயில் 7, 8 சதவீதம் இருக்கிறது. எலிகளுக்கு இதைத் தீவனத்தோடு கொடுத்தபோது, தின்ற அமிலமே கிரெலினின் வாலாக ஏறியது. சாப்பிட்ட கொழுப்பு நேரடியாக ஒரு ஹார்மோனில் ஒட்டிக்கொள்வது அபூர்வம். இதை வைத்து வெறும் வயிற்றில் தேங்காயெண்ணெய் குடிக்கச் சொல்லி யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அழித்துவிடுங்கள். மற்ற வால்களுக்கு வேண்டிய கொழுப்பைச் செல் பெரும்பாலும் தானே தயாரித்துக்கொள்ளும்.

விளக்கெண்ணெய் தட்டும் கதவு

சேலம், தருமபுரிப் பக்கம் வேலியோரத்திலும் ஊடுபயிராகவும் நிற்கும் ஆமணக்கு. அதன் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். பேதிக்குக் கொடுக்கும் விளக்கெண்ணெய் எப்படி வேலை செய்கிறது என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழகியும் தெரியாமலே இருந்தது. குடலை அரித்துக் கிளப்புகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2012இல் ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவன விஞ்ஞானிகள் விடை சொன்னார்கள்: ரிசினோலிக் அமிலம் குடல் தசையிலுள்ள இ.பி.3 என்ற ஒரே ஏற்பியைத் தூண்டுகிறது. அந்த ஏற்பி இல்லாத எலிக்கு விளக்கெண்ணெய் கொடுத்தால் பேதியாவதில்லை. இங்கே கொழுப்பு வாலாக ஒட்டவில்லை, அதுவே சேதியாகப் போகிறது. அதே ஏற்பி கருப்பைத் தசையிலும் இருக்கிறது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

பட்டுக்கூடு அங்காடியில் கிடைக்காத வாசனை

தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் கூடுகளில் அந்துப்பூச்சி வெளியே வருவதற்குள் நூலெடுத்துவிடுவார்கள். வெளியே விட்டிருந்தால், பெண் பூச்சி பால்மிடிக் அமிலத்தை எடுத்து, நொதிகளால் மாற்றி, பாம்பிகால் என்ற வாசனைப் பொருளைச் செய்திருக்கும். ஆண் பூச்சியின் உணர்கொம்பு ஏற்பிக்கு அதுதான் அழைப்பு. 1959இல் இதைப் பிரித்தெடுத்த அடால்ஃப் பூட்டனான்ட், ஏறக்குறைய 5 லட்சம் பெண் பூச்சிகளைப் பயன்படுத்தினார். நம் செல்கள் புரதத்தில் வாலாக ஒட்டுகிற அதே 16 கார்பன் அமிலம்தான் பட்டுப்பூச்சிக்குக் காதல் கடிதம்.

கொலஸ்ட்ராலுக்கும் ஒரு நல்ல வார்த்தை

கருவில் கை உருவாகும்போது எந்த விரல் எங்கே முளைக்க வேண்டும் என்று சொல்லும் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்'. அதன் வால்முனையில் ஒட்டியிருப்பது கொலஸ்ட்ரால்! 1996இல் தெரிந்தது. தலைமுனையில் பால்மிடிக் அமிலமும் இருக்கிறது.

ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தில் (சி.சி.எம்.பி.) அமிதாப சட்டோபாத்யாயா குழுவினர், மாட்டு மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியிலிருந்து செரடோனின் ஏற்பி உள்ள சவ்வை எடுத்து, அதிலிருந்த கொலஸ்ட்ராலை மட்டும் உருவினார்கள். ஏற்பி தன் பொருளைப் பிடிக்கும் திறன் குறைந்தது. கொலஸ்ட்ராலைத் திருப்பிக் கொடுத்ததும் மீண்டது.

கீரையும் பெங்களூரும்

1941இல் ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தெடுக்க அமெரிக்காவில் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்தார்கள். அதற்கு முன்பே, பம்பாய் பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், இதே சத்துள்ள ஈஸ்ட் சாறு அதைத் தீர்க்கிறது என்று 1931இல் எழுதிவிட்டார்.

நஞ்சுக்கொடி, சிறுநீரகம் போன்ற இடங்களில் இந்த ஃபோலிக் அமிலத்தை, அதாவது ஃபோலேட்டைப் பிடிக்கும் ஏற்பி ஒன்றுக்குச் சவ்வைத் துளைத்துச் செல்லும் உடலே கிடையாது, ஜி.பி.ஐ. என்ற கொழுப்புத் தண்டு ஒன்றில் மட்டும் நிற்கிறது. இந்த ஏற்பிகள் சவ்வில் சிதறியிருக்கின்றனவா, கூடி நிற்கின்றனவா? 1998இல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ரஜத் வர்மாவும் சத்யஜித் மேயரும் விடை தந்தார்கள்: 70 நானோமீட்டரைவிடச் சிறிய கூட்டங்களாக நிற்கின்றன. 2004இல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தபோது, ஒரு கூட்டத்தில் அதிகம் போனால் நான்கு பேர்தான் என்று தெரிந்தது. கேழ்வரகு ஆராய்ச்சிக்குப் பேர்போன வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்துக்குள்தான் அந்த மையமும் இருக்கிறது.

வாரம் ஒரு மாத்திரை

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட், எலும்பைக் கரைக்கும் செல்களுக்குள் போய்க் கொழுப்பு வால் தயாராவதைத் தடுக்கிறது. வாலில்லாத புரதங்களால் சவ்வில் நின்று வேலை வாங்க முடியாது, கரைப்பது ஓய்கிறது. வெறும் வயிற்றில் விழுங்கச் சொல்வது மருந்து உடம்பில் ஏற; ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்வது உணவுக்குழாய் புண்ணாகாமல் இருக்க.

'பா' படத்துச் சிறுவன்

பால்கி இயக்கி, இளையராஜா இசையமைத்து, பி. சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த 2009ஆம் ஆண்டு இந்திப் படத்தில் அமிதாப் பச்சன் 12 வயதுச் சிறுவனாக நடித்தார். அந்தச் சிறுவனுக்கு இருந்தது புரொஜீரியா: குழந்தையிலேயே முதுமை. செல்லின் உட்கருவைத் தாங்கும் லாமின் ஏ புரதத்துக்கு முதலில் ஃபார்னசில் வால் ஒட்டும். வேலை முடிந்ததும் ஒரு நொதி அதை வெட்டிவிடும். இந்த நோயில் வெட்டும் இடமே காணாமல் போயிருப்பதால் வால் நிரந்தரமாகத் தங்கி உட்கருவைச் சிதைக்கிறது. காரணமான மரபணுவை 2003இல் கண்டார்கள். வாலை ஒட்டவிடாமல் தடுக்கும் லோனஃபார்னிப் மருந்துக்கு 2020 நவம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. முதலில் அதைப் புற்றுநோய்க்காக உருவாக்கியிருந்தார்கள். அங்கே எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. புரொஜீரியாவை அது குணமாக்குவதில்லை. 11 ஆண்டுவரை தொடர்ந்து கவனித்ததில், அந்தக் குழந்தைகளின் ஆயுளைச் சராசரியாக இரண்டரை ஆண்டு நீட்டியிருக்கிறது.