பிங்க்கா, நீலமா? போகிமான் 'ஷெல்லோஸ்' யார்... நிஜக் கடலில் இதன் சொந்தக்காரர்களைப் பார்த்தால் தொடலாமா?

உங்கள் வீட்டு வாண்டு மொபைலில் 'போகிமான் கோ' விளையாடுகிறதா? அப்படியென்றால் கொழகொழவென்று, நீல நிறத்தில், தலையில் இரண்டு கொம்பு மாதிரி எதையோ வைத்துக்கொண்டு ஊர்ந்து வரும் ஓர் உருவத்தைத் திரையில் பார்த்திருக்கலாம். அதன் பெயர் ஷெல்லோஸ்.

நெருப்பு கக்கும் டிராகனும் இல்லை, மின்னல் அடிக்கும் பிகாச்சுவும் இல்லை. அதனால் பலரும் 'சரி, இதுவும் ஒண்ணு' என்று பிடித்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் இந்தக் குட்டி உருவத்தைப் பற்றி விளையாட்டு சொல்லும் விஷயங்களில் பல, நிஜக் கடலிலும் நடப்பவை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. அது என்ன? கடைசியில் பார்ப்போம்.

யார் இந்த ஷெல்லோஸ்?

2006-ல் ஜப்பானில் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்காக வெளியான 'போகிமான் டைமண்ட்', 'போகிமான் பேர்ல்' விளையாட்டுகளில்தான் ஷெல்லோஸ் அறிமுகமானது. போகிமான் வரிசையில் இதன் எண் 422. உயரம் 30 சென்டிமீட்டர், எடை 6.3 கிலோ. 30-வது லெவலை எட்டியதும் 'கேஸ்ட்ரோடான்' என்ற பெரிய உருவமாக மாறும். அதன் எண் 423.

சிம்பிளா சொன்னால் இது ஓடு இல்லாத கடல் நத்தை. இங்கே ஒரு குழப்பம் வரலாம். 'ஓ, கடல் அட்டையா?' என்று கேட்டால், இல்லை. ராமநாதபுரம் பக்கம் கடத்தல் செய்திகளில் அடிக்கடி அடிபடும் கடல் அட்டை வேறு உயிரினம். அது நட்சத்திர மீனின் சொந்தம். ஷெல்லோஸ் நத்தை, சிப்பி குடும்பத்துப் பிள்ளை.

ஏன் இரண்டு நிறம்?

ஷெல்லோஸின் ஸ்பெஷலே இதுதான். மேற்குக் கடலில் இருப்பது பிங்க். கிழக்குக் கடலில் இருப்பது நீலம்.

கதை நடப்பது 'சின்னோ' என்ற கற்பனை நிலத்தில். ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவை மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்டது அது. நடுவில் மவுண்ட் கொரோனெட் என்ற பெரிய மலை நிலத்தையே இரண்டாகப் பிரித்து நிற்கும். மலைக்கு மேற்கே போனால் பிங்க் ஷெல்லோஸ், கிழக்கே போனால் நீல ஷெல்லோஸ்.

சரி, பிங்க் ஷெல்லோஸைத் தூக்கிக்கொண்டு கிழக்கே போனால் நிறம் மாறுமா? மாறாது. கேஸ்ட்ரோடானாக வளர்ந்தாலும் அதே நிறம்தான். குட்டிக்கு அம்மாவின் நிறம் வரும். இரண்டுக்கும் பலத்தில் துளிகூட வித்தியாசம் கிடையாது.

போகிமான் கோவிலும் இதே கணக்கு. உலகத்தின் கிழக்குப் பாதியில் நீலம், மேற்குப் பாதியில் பிங்க். அதனால்தான் நம்ம ஊரில் நீலம் வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் போனில் பிங்க் காட்டினால் பொறாமைப்படத் தேவையில்லை, அங்கே அவனுக்கு நீலம் வராது!

நிஜத்தில் இப்படி நடக்குமா?

நடந்திருக்கிறது. சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் பனாமா நிலப்பாலம் முழுமையாக எழுந்தது. அதுவரை ஒன்றாக இருந்த கடல் இரண்டானது. ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் கரீபியன்.

அங்கே வாழ்ந்த 'ஸ்னாப்பிங் ஷ்ரிம்ப்' என்ற சொடுக்குப் போடும் இறால்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. இந்தப் பக்கத்து இறால் அந்தப் பக்கம் போக வழியில்லை. தலைமுறை தலைமுறையாகத் தனித்தனியே வாழ்ந்து, கடைசியில் வேறு வேறு இனங்களாகவே ஆகிவிட்டன. விஞ்ஞானிகள் இரு பக்கத்து இறால்களையும் ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்தபோது, பெரும்பாலும் அவை ஜோடி சேரவில்லை. சண்டைதான் போட்டன.

நடுவில் ஒரு தடுப்பு, இரண்டு பக்கம், நிறைய காலம். புது இனங்கள் உருவாக இயற்கை பயன்படுத்தும் முக்கியமான வழிகளில் இது ஒன்று. ஷெல்லோஸ் இன்னும் ஒரே இனம்தான், நிறம் மட்டும் பிரிந்திருக்கிறது. பள்ளிப் பாடத்தில் நாலு பக்கம் வரும் விஷயத்தை, இரண்டு நிறத்தை வைத்தே விளையாட்டு சொல்லிவிடுகிறது.

சண்டையில் தேறுமா?

முதலில் பெரிதாகத் தேறவில்லை. ஆனாலும் டைமண்ட், பேர்ல் விளையாட்டுகளில் கடைசியாக எதிர்கொள்ள வேண்டிய சாம்பியன் சிந்தியாவின் அணியில் கேஸ்ட்ரோடான் இருந்தது. அதில் மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் ஏராளம்.

காரணம் இதுதான். ஷெல்லோஸ் வெறும் நீர் வகை. புல் வகைத் தாக்குதலும் மின்சாரத் தாக்குதலும் அதைப் பதம் பார்க்கும். கேஸ்ட்ரோடானாக மாறியதும் நீரோடு நிலமும் சேர்ந்துகொள்ளும். நில வகையை மின்சாரம் ஒன்றும் செய்யாது. அப்புறம் அதற்கு ஒரே ஒரு பலவீனம்தான் மிச்சம்: புல். ஆனால் அந்த அடி நான்கு மடங்காக விழும். ஒரு இலை வீச்சு போதும், கதை முடிந்தது.

உண்மையான திருப்பம் 2010-ல் வந்தது. கேஸ்ட்ரோடானுக்கு 'ஸ்டார்ம் ட்ரெய்ன்' என்ற திறன் இருக்கும். இரண்டுக்கு இரண்டு சண்டையில், எதிரி விடும் நீர்த் தாக்குதலை இது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் இழுத்த அடியைத் தானே வாங்கவும் வேண்டும். 'போகிமான் பிளாக்', 'ஒயிட்' விளையாட்டுகளில் விதி மாறியது. இழுத்த நீர் அடிபடாமல் போவதோடு, கேஸ்ட்ரோடானின் சிறப்புத் தாக்குதல் பலத்தையும் ஒரு படி ஏற்றிவிடும்.

எதிரி மழையை வரவழைத்து நீர்த் தாக்குதலாலேயே ஜெயிக்கத் திட்டம் போட்டு வந்தால், இதன் முன்னால் அந்தத் திட்டமே தடுமாறும். உருவமும் மாறவில்லை, வேகமும் கூடவில்லை. ஒரு விதி மாறியது, கண்டுகொள்ளாமல் கிடந்தது கவனிக்க வேண்டிய ஆளாகிவிட்டது.

ஊதா நிறத் திரவம், வெட்டினால் வளரும் உடம்பு... எல்லாம் நிஜமா?

போகிமான்களைப் பற்றி விளையாட்டுக்குள்ளேயே 'போகிடெக்ஸ்' என்ற தகவல் களஞ்சியம் உண்டு. அது ஷெல்லோஸ், கேஸ்ட்ரோடான் பற்றிச் சொல்லும் மூன்று விஷயங்களை நிஜத்தோடு ஒப்பிடலாம்.

1. அழுத்தினால் ஊதா நிறத் திரவம் கசியும்: 'கடல் முயல்' என்ற ஓடற்ற நத்தை இதை அப்படியே செய்யும். தலையில் முயல் காது போல இரண்டு உணர்கொம்புகள் இருப்பதால் அந்தப் பெயர். எதிரி சீண்டினால் ஊதா மையைப் பீய்ச்சும். தான் தின்னும் சிவப்புப் பாசியில் இருந்துதான் அந்த நிறத்தை எடுத்துக்கொள்கிறது.

2. ஒரு காலத்தில் முதுகில் ஓடு இருந்தது: இதுவும் உண்மைக்கு நெருக்கம். ஓடுள்ள நத்தைகளின் வம்சத்தில் வந்தவைதான் ஓடற்றவையும். கடல் முயலின் உடம்புக்குள் மெல்லிய ஓடு இன்றும் ஒளிந்திருக்கும்.

3. உடம்பு அறுந்தாலும் மீண்டும் வளரும்: 2021-ல் ஜப்பானின் நாரா மகளிர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட தகவல் உலகையே ஆச்சரியப்படுத்தியது. ஒரு வகைக் கடல் நத்தை தன் தலையைத் தானே துண்டித்துக்கொள்கிறது. இதயம் உட்பட உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் போய்விட, தலை மட்டும் தனியே ஊர்கிறது, பாசியைத் தின்கிறது. இளம் நத்தைகளில் சுமார் மூன்றே வாரத்தில் புது உடம்பு முளைத்துவிடுகிறது!

இன்னொரு விஷயம். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். கடல் முயலுக்கு ஏறத்தாழ 20 ஆயிரம்தான். எண்ணிக்கை குறைவு, ஒவ்வொரு செல்லும் பெரிது. அதனால்தான் நினைவு எப்படிப் பதிகிறது என்பதை விஞ்ஞானி எரிக் கேண்டல் இந்த நத்தையை வைத்து ஆராய்ந்தார். அவருக்கு 2000-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அப்போ, கடற்கரையில் பார்த்தால் பிடிக்கலாமா?

இதற்குத்தான் வருகிறோம். விளையாட்டில் ஒரு பந்தை வீசினால் ஷெல்லோஸ் உங்கள் கையில். நிஜக் கடலில் அந்த வேலையே வேண்டாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் 'நீல டிராகன்' எனப்படும் உயிரினங்கள் ஒதுங்கின. இவையும் ஓடற்ற கடல் நத்தைகள்தான். நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். வெள்ளியும் நீலமுமாக, சிறகு விரித்தது போன்ற உருவம். போகிமான் பார்த்துப் பழகிய குழந்தைக்கு, பார்த்ததும் எடுத்துக் கொஞ்சத் தோன்றும்.

ஆனால் இது 'போர்ச்சுகீஸ் மேன் ஓ வார்' என்ற, ஜெல்லி மீன் போலத் தெரியும் கொடுக்கு உயிரியைத் தின்று வாழ்வது. தின்னும்போது இரையின் கொட்டும் செல்களைச் செரிக்காமல் தன் உடம்பின் நுனிகளில் சேமித்து வைக்கும். அப்படித் திரட்டி வைப்பதால், சில நேரம் இரையைவிட இதன் கொட்டு கடுமையாக இருக்கும். எரிச்சல், கடும் வலி, சிலருக்கு வாந்தி கூட வரலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

* புயல், பலத்த காற்றுக்குப் பிறகு கடற்கரைக்குப் போனால், கரையில் நீலமாக எது கிடந்தாலும் வெறும் கையால் தொட வேண்டாம். செருப்பில்லாமல் மிதிக்கவும் வேண்டாம்.
* அசையாமல் கிடந்தாலும் அதே எச்சரிக்கை. உயிர் போன பிறகும் கொட்டும் செல்கள் வேலை செய்யும்.
* கொட்டிவிட்டால் தேய்க்காதீர்கள். வலி அதிகமானாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.
* போட்டோ எடுக்கலாம், தாராளமாக. தள்ளி நின்று!

அடுத்த முறை உங்கள் பிள்ளை "அப்பா, நீல ஷெல்லோஸ் பிடிச்சுட்டேன்" என்று ஓடி வந்தால், "சரி சரி" என்று தலையாட்டி அனுப்பாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, அமெரிக்காவில் அது ஏன் பிங்க் என்று கேளுங்கள். அப்படியே, நிஜக் கடற்கரையில் நீலமாக எதைப் பார்த்தாலும் முதலில் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.