எல்லைப்புற மண்ணுக்கு உயிர்க்கரி

கேரளத்தின் கிழக்கு எல்லையில், தமிழகத்தை ஒட்டி, தமிழ் பேசும் உழவர்கள் திரளாக வாழும் இரு பகுதிகள் உள்ளன. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டம் ஒன்று. தேனி மாவட்டத்தை அடுத்த இடுக்கியின் உடும்பன்சோலை வட்டம் மற்றொன்று. முன்னதில் நெல்லும் தென்னையும், பின்னதில் ஏலமும் மிளகும் முதன்மைப் பயிர்கள். பயிர்க்கழிவு இரண்டிலும் உண்டு. அதில் ஒரு பகுதி வெறுமனே எரிக்கப்படுகிறது. அக்கழிவை உயிர்க்கரியாக மாற்றி நிலத்தில் இடலாம் என்ற யோசனை இப்போது பரவலாகப் பேசப்படுகிறது.

காற்று மிகக் குறைவாகப் புகும் கலத்தில், 350 முதல் 700 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தாவரக் கழிவைக் கருக்கினால் கிடைப்பதே உயிர்க்கரி. முழுதும் எரிந்தால் சாம்பலே மிஞ்சும். பாதியில் தடுத்தால் கரியம் தங்கும். முந்தைய தலைமுறையினர் பல் துலக்கிய உமிக்கரியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மட்கும் இலைதழை சில ஆண்டுகளில் கரியமில வாயுவாகி மறைய, இக்கரியின் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் நிலைக்கிறது. அமேசான் படுகையில் பழங்குடி மக்கள் உருவாக்கிய கருமண் இன்றும் வளத்தோடு இருப்பது இதற்குச் சான்று. அதன் நுண்துளைகள் நீரையும் சத்தையும் பிடித்து வைக்கின்றன. அதிலுள்ள காரத்தன்மை மண்ணின் புளிப்பைக் குறைக்கிறது.

இக்கடைசிப் பண்பே இவ்விரு பகுதிகளையும் பிரிக்கிறது. உடும்பன்சோலை மலைச்சரிவுகளில் கனமழை சுண்ணத்தைக் கரைத்துச் செல்வதால் மண் அமிலத்தன்மை உடையது. அங்குக் கரி பயன் தரும். சித்தூரின் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துக் கரிசல் நிலமோ முன்னரே காரச் சார்புடையது. அதில் மேலும் காரம் சேர்ப்பது துத்தநாகம், இரும்பு போன்ற நுண்சத்துகளைப் பயிருக்கு எட்டாமற் செய்துவிடக்கூடும். உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த ஆய்வு, வெப்ப மண்டலத்தில் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்ததாகவும், மிதவெப்ப நாடுகளில் உயர்வு இல்லை எனவும் கண்டது. புளித்த, வளங்குன்றிய மண்ணுக்கே அந்த ஆதாயம் உரியது. ஆகவே மண் பரிசோதனை இன்றி, இரு வட்டங்களுக்கும் ஒரே பரிந்துரையை வழங்குவது பொருந்தாது.

அடுத்தது கணக்கு. உலர்ந்த கழிவில் 25 முதல் 30 விழுக்காடே கரியாகக் கிடைக்கும். ஆய்வுகளில் ஹெக்டேருக்கு 10 டன் வரை இடுகின்றனர். அதற்கு 33 முதல் 40 டன் கழிவு வேண்டும். ஹெக்டேருக்கு 4 டன் நெல் விளைந்தாலும் அதன் உமி ஒரு டன்னைக்கூட எட்டாது. அதுவும் ஆலைக் கொதிகலனுக்கு எரிபொருளாகப் போய்விடுகிறது. வைக்கோல் கால்நடைத் தீவனம். அதைக் கருக்குவது வீண் செலவே. எஞ்சுவன தென்னை மட்டை, இளநீர்க் கூடு, ஏலத்தோட்ட நிழல் மரங்களின் கவாத்துக் கிளைகள், ஏலத் தூரிலிருந்து களையப்படும் காய்ந்த தண்டுகள் ஆகியவை. இவற்றைக் கொண்டு வயல் முழுவதும் தூவ இயலாது. நடவுக் குழியிலும் தூரடியிலும் இடுவதே சிறு உழவருக்குக் கட்டுப்படியாகும்.

வெறுங்கரியை இடுதல் கூடாது. புதுக்கரி மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தன்பால் ஈர்த்து, முதற்பருவத்தில் பயிரைப் பட்டினி போடக்கூடும். மாட்டுச் சாணத்துடனோ மட்கிய உரத்துடனோ கலந்து சில வாரம் வைத்திருந்து இடுவது முறை.

கருவி அரிதன்று. ஐதராபாத்திலுள்ள மத்திய மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம், எண்ணெய்ப் பீப்பாயையே சூளையாக மாற்றும் எளிய முறையை வடிவமைத்துள்ளது. வேலையாள் கூலியே பெருஞ்செலவு. மலைச்சரிவில் சிதறிக்கிடக்கும் கிளைகளைச் சேர்த்து உலர்த்தவே ஆள் தேவை. நம் நாட்டில் 2023 ஜூனில் அறிவிக்கப்பட்ட கரிய வரவு வணிகத் திட்டம் இச்செலவில் ஒரு பங்கை ஈடு செய்யலாம் என்ற எதிர்பார்ப்பு எழுந்துள்ளது. ஆனால் அளவீடும் சான்றளிப்பும் தனியொரு உழவரால் தாங்க இயலாத செலவுகள். பல தோட்டங்களின் கரியை ஒன்றாகக் கணக்கெழுத உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ முன்வந்தாலன்றி, அந்த வருவாய் ஏலத்தோட்டம் வரை வந்து சேராது.