சேற்று நிலத்தில் யோகக் கூடம்

தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே யோகாசன நிலையம் அமைக்க விரும்புவோர் ஆரோவில்லை முன்மாதிரியாகக் கொள்வது இயல்பே. புதுச்சேரிக்கு அருகே 1968இல் தோன்றிய அந்நகரில், மண்ணோடு ஏறக்குறைய 5 விழுக்காடு சிமெண்டு கலந்து, கைப்பொறியில் அழுத்திக் கல் செய்கின்றனர். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். நான்கு வாரம் பதப்படுத்தினால் போதும். அக்கல்லால் எழுந்த வருகையாளர் மையம் 1992இல் ஹசன் ஃபாத்தி விருது பெற்றது.

ஆனால் அதற்கு மணல் கலந்த செம்மண் வேண்டும். கோல லங்காட் கரையோரத்தில் கிடைப்பதோ கடற்களிமண். காய்ந்தால் சுருங்கும், பாரம் ஏற்றினால் அமிழும். வேறு ஊர் மண்ணை லோரியில் ஏற்றி வந்து கட்டினால், 'இயற்கைக் கட்டடம்' என்பது பெயருக்குத்தான்!

இங்கே பார்க்க வேண்டியது கம்பத்து மரவீட்டை. கால்களின் மேல் நிற்கும், பாரம் குறைவு, வெள்ளம் வந்தால் அடியில் ஓடும். தரைக்குக் கீழும் காற்று புகுவதால் குளிர்சாதனம் தேவைப்படாது. இடுப்பளவு சுவரும் நீண்ட கூரைச் சரிவும் போதும். கொசுவலையை மறந்தால் தியானம் கூடாது என்பது வேறு விஷயம்.

கூரைதான் சிக்கல். வெறும் தகரம் போட்டால் மாலை மழையில் ஆசிரியரின் குரல் கேட்காது. அத்தாப்புக் கூரை அமைதியானது, ஆனால் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும். தகரத்துக்கு அடியில் பலகை அடிப்பது நடுவழி.

இலேசான கட்டடமானாலும் மண் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. கால்கள் ஏற்றத்தாழ்வாக அமிழ்ந்தால் தரை சாயும். சாய்ந்த தரையில் ஒற்றைக் காலில் விருட்சாசனம் செய்ய முடியாது.