தேயிலை வண்டும் இணைய நூலகமும்

கொட்டகலையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே தேயிலைச் செடியின் கிளையொன்றை முறித்துப் பார்ப்போமாயின், சிற்சில வேளைகளில் அதனுள்ளே ஊசித்துளை போன்ற வழியொன்று ஓடியிருத்தலைக் காணலாம். ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் நீளமேயுடைய வண்டொன்று குடைந்த வழி அது. பெண்வண்டு தண்டைக் குடைந்து, தான் கொணர்ந்த பங்கசுவை அவ்வழியின் சுவரிலே பயிரிடுகின்றது. அதன் குடம்பிகள் மரத்தையன்றி அப்பங்கசுவையே உண்டு வளர்கின்றன. இவ்வண்டைப்பற்றி ஆராய விரும்பும் மாணவர் முதலில் எங்கே செல்வது?

முன்னாளில் இதற்கு விடை எளிது, வழிதான் அரிது. 1925 ஆம் ஆண்டிலே தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தைத் தலவாக்கலையிலோ, பல்கலைக்கழக நூலகத்தைப் பேராதனையிலோ நாடவேண்டும். இன்றோ கைத்தொலைபேசி ஒன்றே போதும். 2006 இல் தொடங்கிய உயிரினப் பன்மை மரபு நூலகம் பழைய நூல்களின் பக்கங்களைப் படமாகவே இலவசமாகத் தருகின்றது. பப்மெட், கூகிள் ஸ்கொலர் முதலியன புதிய கட்டுரைகளைக் காட்டுகின்றன. கதவு திறந்தே கிடக்கின்றது. எப்பெயரைச் சொல்லித் தேடுவது என்பதே இடர்ப்பாடு.

ஐக்கோவ் என்பார் 1868 இல் இலங்கை வண்டொன்றுக்குச் சைலெபோரஸ் போர்னிகேட்டஸ் எனப் பெயரிட்டார். பிற்காலத்தார் அதனை யூவலேசியா என்னும் சாதியிற் சேர்த்தனர். ஆகவே பழைய பெயரை மட்டும் இடுவோர்க்குப் புதிய ஆய்வுகள் அகப்படா. புதிய பெயரை மட்டும் இடுவோர்க்குத் தலவாக்கலையார் எழுதிய பழைய ஆய்வுகள் அகப்படா. இதனோடும் முடிந்ததா? ஒன்றெனக் கருதப்பட்ட இனம் உண்மையிற் பல இனங்களின் கூட்டமென்பது மரபணுச் சோதனையாற் புலப்பட, 2018 இல் அவற்றுக்குத் தனித்தனிப் பெயர் வகுத்தனர். மறு ஆண்டே, தொலைந்ததெனக் கருதிய ஐக்கோவின் மூலமாதிரி கண்டெடுக்கப்பட்டது. அதனைச் சோதித்தபின் பெயர்கள் மீண்டும் இடம்மாறின. போர்னிகேட்டஸ் என்னும் பெயர், கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் வெண்ணெய்ப்பழ மரங்களை அழித்த வண்டுக்கு உரியதாயிற்று. தேயிலை வண்டென வழங்கப்பட்டது பேர்பிரேவிஸ் ஆயிற்று. இக்கூட்டத்தின் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் நம் நாட்டிலே உள்ளமை சிக்கலை மேலும் பெருக்குகின்றது.

இதன் விளைவு சிறிதன்று. பெயரை நம்பித் தேடும் மாணவர் வெண்ணெய்ப்பழ மரத்தைப்பற்றிய கட்டுரைகளின் குவியலில் வீழ்ந்து, அவ்வண்டு சுமக்கும் பியூசேரியம் யூவலேசியே என்னும் பங்கசுவைத் தேயிலைக்கும் ஏற்றி எழுதிவிடக்கூடும். தேயிலை வண்டின் பங்கசு வேறு. அதனை 1947 இல் விவரித்தவர்கள் நமக்கு அயலிலே, தலவாக்கலையிலே பணியாற்றிய காட், லூஸ் என்னும் இருவர். அவர்கள் வைத்த சாதிப் பெயரும் பின்னர் மாறி, இன்று அது பியூசேரியம் அம்புரோசியம் எனப்படுகின்றது.

ஆதலின் பெயர்கள் அனைத்தையும் உரோம எழுத்தில் எழுதி, ஒவ்வொன்றையும் மேற்கோட்குறிக்குள் அடைத்து, இடையிலே ‘அல்லது’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பேரெழுத்தில் இட்டுத் தேடுக. கிடைத்த கட்டுரையிலே முடிவுரைக்கு முன்னர் ஆய்வுமுறைப் பகுதியைப் படித்தல் வேண்டும். எந்நாட்டில், எம்மரத்தில் வண்டு பிடிக்கப்பட்டதென்பது அங்கேதான் இருக்கும். (சுருக்கத்தை மட்டும் படித்துக் கட்டுரை எழுதும் வழக்கம் மாணவரிடம் மட்டுமா உள்ளது?) ஆண்டையும் நோக்குக: 2019 க்கு முந்திய கட்டுரையில் வரும் பெயர் இன்றைய பெயராக இல்லாதிருக்கலாம். பழைய நூல்களில் இன்னோர் இடையூறும் உண்டு. அச்செழுத்தை இயந்திரம் தவறாகப் படித்திருப்பின் சொற்றேடல் அதனைக் காணாது. பொருளடக்கத்தையும் பக்கப் படத்தையும் கண்ணாற் பார்த்தே தீரவேண்டும். பணம் கேட்கும் கட்டுரையாயின் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதலாம். பலர் மகிழ்ந்து அனுப்புவர்.

தண்டிலிருந்து எடுத்த வண்டை மட்டும் எறிந்துவிடலாகாது. மதுசாரம் நிரம்பிய சிறு குப்பியில் இட்டு, தோட்டத்தின் பெயரையும் திகதியையும் பென்சிலால் எழுதி உள்ளே வைத்தல் நன்று. பெயர் மீண்டும் மாறினும், எவ்வண்டு எனச் சோதித்தறிய அக்குப்பி இருக்கும்.